மிச்சம் வைக்காத குற்றம்

எங்கள் கம்பெனி கேன்டீனில் சோறு வீணாவதில்லை என்ற குற்றத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதுவரை பல வருஷமாக அந்தக் குற்றம் பட்டப்பகலில், நானூறு பேர் முன்னிலையில் நடந்துகொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சம்பளம் நின்றுவிடும். அவிநாசி ரோட்டில் உள்ளே தள்ளி, குழந்தைகள் பனியன் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற கம்பெனி என்று மட்டும் சொல்கிறேன். திருப்பூரில் அதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. அங்கே நான் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். அதாவது, துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் தன் ஆடிட்டரை அனுப்புவதற்கு முதல் நாள் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் பிளாஸ்திரியும் வைப்பேன். அவர் கிளம்பிய மறுநாள் அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்துவேன். இதற்காக எம்.பி.ஏ. படித்திருக்கிறேன்.

இந்த வருஷம் இளங்கோ, அதாவது நான், மேனேஜர் ஆகிவிடுவான் என்று ஆபீசில் ஒரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பியதும் நான்தான். என் மனைவி சித்ரகலா அதை நம்பி வெள்ளகோவிலில் இருக்கிற தன் பிறந்த வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த செய்தியைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஆகவே நான் மேனேஜர் ஆகியே தீர வேண்டிய நிலையில் இருந்தேன்.

அப்போதுதான் பையரிடமிருந்து மெயில் வந்தது. இனிமேல் தையல் மட்டும் நன்றாக இருந்தால் போதாது, தைக்கிறவர்கள் பூமிக்குக் கேடில்லாத உணவைச் சாப்பிட வேண்டும், சோறு வீணாவதைக் குறைக்கிற கம்பெனிக்கு மார்க், மார்க் இருந்தால் ஆர்டர். எங்கள் எம்.டி. ஆறுமுகசாமி மெயிலைப் படித்துவிட்டு அன்றைக்கே 'பொறுப்பான உணவுக் குழு' ஒன்றை அமைத்தார். குழுவுக்கு நான் தலைவர். ஆலோசனை சொல்லக் கோயம்புத்தூரிலிருந்து ஆஷா மேடம் வந்தார். அவரை இறக்கிவிட்ட கார், ஏசியை நிறுத்தாமல் சாயங்காலம்வரை வாசலில் உறுமிக்கொண்டே நின்றது.

மேடம் திரையில் ஒரு வெள்ளைக் கரடியைக் காட்டினார். நாம் தட்டில் மிச்சம் வைக்கிற ஒவ்வொரு பருக்கையும் அந்தக் கரடியின் காலடியில் இருக்கிற பனியை உருக்குகிறது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை எம்.டி. கவனிக்கிறாரா என்றும் பார்த்துக்கொண்டேன். பிறகு சமையல் பொறுப்பில் இருக்கிற சீனியம்மாளைக் கூப்பிட்டார்கள். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த அம்மாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏசி அறைக்குள் வந்து, குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"இறைச்சியை எப்படிக் குறைச்சிருக்கீங்க?" என்று கேட்டார் மேடம்.

"குறைக்கவா? தீவாளிக்கு மொத நா ஒரு தடவ கோழி போடுவாக. அதையுமா குறைக்கணும்?"

மேடம் கணினியில் ஒரு பச்சை டிக் போட்டார். "காய்கறி உள்ளூர் விளைச்சல்தானா?"

"சந்தையில அன்னைக்கு எது சல்லிசா கெடக்கோ அதுதான் மேடம். இந்த மாசம் பூராம் பூசணி. புள்ளைக என்னைய ஏசுதுக."

இன்னொரு டிக். "தினமும் எவ்வளவு உணவு வீணாகுது?"

சீனியம்மாள் என்னைப் பார்த்தார். கேள்வி புரியவில்லை என்று நினைத்து நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன்.

"வெளங்குது சார். எதுக்கு வீணாகப் போகுதுன்னுதேன் யோசிக்கேன். வந்த ஆள எண்ணித்தான் உலை வைக்கிறது. ஒரு கை மிஞ்சினா ராத்திரி ஷிப்டுக்கார வடக்கத்திப் பையங்க தின்னுப்புடுவாங்க. கஞ்சித்தண்ணியும் காய்த்தோலும் வேலாத்தா அக்கா எருமைக்குப் போயிரும். வேற என்ன இருக்கு?"

மேடம் சைபர் என்று அடித்தார். திரை சிவப்பாகிவிட்டது. மறுபடி அடித்தார். மறுபடியும் சிவப்பு.

"ஜீரோவை சிஸ்டம் ஏத்துக்காது சார். எவ்வளவு குறைச்சீங்கங்கறதுக்குத்தான் மார்க். இருந்தாத்தானே குறைக்க முடியும்? இல்லாதவங்களுக்கு இதுல வழியே இல்லை" என்றார்.

எம்.டி. கட்டிங் மேஜையில் கத்தரி பிடித்து மேலே வந்தவர். சைபர் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஏனுங் இளங்கோ, நூல்ல கொஞ்சம் போகுது. சாயத்துல கொஞ்சம் போகுது. கட்டிங்ல நூத்துக்குப் பதினஞ்சு அள்ளிக் கொட்டறமுங்க. முப்பது வருசமா நான் தொழில் பண்றேன், சேதாரமில்லாத டிபார்ட்மெண்ட்ட நான் பாத்ததே இல்லீங்க. சோத்துல மட்டும் ஒண்ணுமே போகலைன்னா என்னங்க அர்த்தம்? எங்கியோ களவு நடக்குதுன்னு அர்த்தம். அந்த எருமைக்காரம்மா வாளியில என்ன போகுதுன்னு யாராச்சும் எட்டிப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாளியைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். வேலாத்தாள் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். கம்பெனிக் கஞ்சித்தண்ணியைக் குடித்து அந்த எருமை கறக்கிற பாலில்தான் தினமும் காலையில் எனக்குக் காபி. இதையெல்லாம் நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "உடனே நடவடிக்கை எடுக்கறேன் சார்" என்று சொன்னேன்.

உரிமம் இல்லாத நபர் கழிவை வெளியே கொண்டுபோவது விதிமீறல் என்று ஆஷா மேடமும் சொன்னதால், அன்று மாலையே வேலாத்தாளின் வாளி கேட்டில் நிறுத்தப்பட்டது. கஞ்சித்தண்ணியும் காய்த்தோலும் சாக்கடைக்குப் போயின; தட்டில் மிஞ்சுகிற சோறு மட்டும்தான் சிஸ்டத்துக்கு வீண். அதோடு, ஒரு மாதத்துக்குள் கேன்டீனில் போதுமான அளவு சோற்றை வீணாக்கி, பிறகு அதைக் குறைத்துக் காட்டுவது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. "உலகத்தைக் காப்பாத்தோணும்னா முதல்ல கொஞ்சம் வீணாக்கித்தானுங்க ஆகோணும். முதல் போடாம லாபம் பாக்க முடியுமா?" என்றார் எம்.டி. எல்லோரும் கை தட்டினோம்.

வீணாக்குவது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. முதல் வாரம் ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வேக வைக்கச் சொன்னேன். ஆளாளுக்கு இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டு, எம்.டி. மகராசனாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் இன்னும் கூட்டினேன். டிபன் டப்பா கொண்டுவந்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். 'மேன்மை பொருந்திய தொழிலாளர்கள் தங்கள் தட்டில் சிறிதளவு மீதி வைத்து ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று தமிழிலும் இந்தியிலும் நோட்டீஸ் ஒட்டினேன். யாரோ எழுத்துப் பிழை என்று நினைத்து 'வைக்காமல்' என்று பேனாவால் திருத்திவிட்டார்கள்.

கடைசியில் சீனியம்மாளிடம் போய், சமையலைக் கொஞ்சம் மோசமாகச் செய்ய முடியுமா என்று பக்குவமாகக் கேட்டேன்.

"வேலைய விட்டுப் போகச் சொல்லுங்க, போயிருதேன். சோத்தக் கெடுக்கச் சொல்லாதீக சார்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே நானே செய்தேன். அவர் அரிசி எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போன நேரத்தில் கொதிக்கிற சாம்பாரில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டேன். போதுமா என்று யோசித்து இன்னொரு கையும் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் தட்டுக் கழுவுகிற இடத்தில் தராசோடு நின்றேன். பவர் டேபிள் டெய்லர் மாரிச்செல்வம் முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தான். தண்ணீரை எடுத்துத் தட்டில் ஊற்றினான், பிசைந்தான், துடைத்துவைத்த மாதிரி முடித்துவிட்டு வந்தான்.

"என்ன மாரிச்செல்வம், உப்புக் கூடவா?"

"கூடத்தான் சார். மிச்சம் வச்சா அக்கா மனசு சங்கடப்படும்லா? சத்தம் காட்டாதீங்க சார்" என்றான்.

நானூறு பேரும் அப்படியே செய்தார்கள். மத்தியானம் தண்ணீர் டேங்க் காலி. பாத்ரூமுக்கு வரிசை. சாயங்கால டார்கெட்டில் பாதிகூட ஆகவில்லை என்று எம்.டி. சத்தம் போட்டார். சீனியம்மாள் அண்டாவில் ஒட்டியிருந்த சாம்பாரை நக்கிப் பார்த்துவிட்டு, கையில் அளவு போய்விட்டது, இனிமேல் தான் சமைக்க லாயக்கில்லை என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு மாடிக்குப் போய்க் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் கடவுள் கண்ணைத் திறந்தார். கூட்டம் என்றால் எங்களுக்குச் சாப்பாடு ஓட்டலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வரும். பிரைட் ரைஸ், பன்னீர், கோபி, ஐஸ்கிரீம். எம்.டி.க்குச் சர்க்கரை, தொட மாட்டார். ஆஷா மேடம் டயட், இரண்டு வெள்ளரித் துண்டோடு நிறுத்திக்கொள்வார். நான் மேலதிகாரிகள் முன்னால் அதிகம் சாப்பிடுவது மரியாதையில்லை என்று பாதியில் கை கழுவுவேன். அன்றைக்குக் பெருக்குகிற அம்மாள் குப்பைக்கூடையை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையால் தூக்கினார். நான் பாய்ந்து போய் வாங்கி, நூல் குடோன் தராசில் வைத்தேன். அந்த எடையை ஆஷா மேடம் கணினியில் அடித்ததும் திரை பச்சையாகிவிட்டது.

எல்லோரும் எழுந்து என் கையைக் குலுக்கினார்கள். கம்பெனியில் சோற்றை வீணாக்கத் தெரிந்தவர்கள் பொறுப்பான உணவுக் குழுவில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, மேனேஜர் வேலையை நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். வாரம் ஒன்றாக இருந்த கூட்டத்தை மூன்றாக்கினோம். ஒரு மாதம் பூமிக்காக உட்கார்ந்து மிச்சம் வைத்தோம். எனக்கு இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிவிட்டது.

அந்த மாதம் எங்கள் வீட்டுக் காபி மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் வேலாத்தாள் வெறும் தூக்குப்போசியோடு வாசலில் நின்றார்.

"இனிப் பால் இல்லீங் தம்பி. கன்னுக்கே பத்தமாட்டேங்குது."

"ஏனுங்க்கா, என்னாச்சு?" என்று கேட்டேன். தெரியாத மாதிரி கேட்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

"என்னாச்சுன்னு என்னையக் கேக்கறீங்களா? வாட்ச்மேன் சொல்லிப்போட்டானுங். வாளிய நிறுத்துனது நீங்கதானாமா. கன்னு போட்டு மூணு மாசங்கூட ஆகாத எருமைங் தம்பி. தவுடு புண்ணாக்கு விக்கற வெலைக்கு நான் எங்க போவேன்? ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஓட்டிப்போடலாம்னு இருக்கறேன். அதையும் வித்துப்போட்டா எம்பட பொளப்புக்கு ஒண்ணுமில்லீங், பாத்துக்கங்க."

அவர் போன பிறகு சித்ரகலா கறுப்புக் காபியை என் முன்னால் வைத்தாள். "அந்தக்கா வயித்துல அடிச்சுத்தான் நீங்க மேனேஜர் ஆகோணுமா? எங்கம்மா ஊட்டுல நானே சொல்லிக்கறேன், அதெல்லாம் பொய்யின்னு" என்றாள். காபி கசந்தது. அதற்குச் சர்க்கரை போடாதது மட்டும் காரணமில்லை.

ஆபீசில் வேறொரு இடி காத்திருந்தது. மிச்சத்தை வெறும் குப்பையில் கொட்டினால் மார்க் கிடையாதாம். அதைச் செரித்து உரமாக்குகிற மெஷின் ஒன்று கட்டாயம் வேண்டும், வியாழக்கிழமை ஆடிட்டர் வருகிறார் என்றார் ஆஷா மேடம். மெஷினின் விலையைப் பார்த்ததும் எம்.டி. தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, "மெஷின் வாங்காமயே மெஷின் இருக்கறதாக் காட்ட முடியுமாங்க இளங்கோ? உங்களால முடிஞ்சா மேனேஜர் ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மெஷினின் விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். உணவுக் கழிவை உள்வாங்கும். அரைக்கும். உள்ளுக்குள் தானாகவே வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். ஒரு நாளில் செரித்து மறுமுனையில் உரமாகத் தரும். படித்துக்கொண்டே வேலாத்தாள் வீட்டுக் கட்டுத்தரையைக் கடந்தபோது எருமை அசைபோட்டபடி என்னைப் பார்த்தது. நான் தாளைப் பார்த்தேன். மறுபடி எருமையைப் பார்த்தேன். அதன் காதில், கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட மஞ்சள் வில்லை தொங்கியது. வில்லையில் எண்ணும், ஸ்கேன் செய்கிற கோடுகளும்கூட இருந்தன.

மறுநாள் படிவத்தை நிரப்பினேன். கருவி: இயற்கை முறைச் செரிப்பான். மாடல்: முர்ரா கிராஸ். மின்சாரம்: தேவையில்லை. வரிசை எண்: காதில் உள்ளபடி. இயக்குபவர்: வேலாத்தாள், அனுபவம் முப்பது வருஷம். ஆஷா மேடம் படித்துவிட்டு வரி வரியாகக் கணினியில் அடித்துப் பார்த்தார். பிறகு, "சிஸ்டம் ஏத்துக்குது" என்றார்.

வேலாத்தாளைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இல்லை. வாளி திரும்பி வரும் என்றதும் ஒத்துக்கொண்டார். சந்தைக்குப் போவதையும் தள்ளிவைத்தார். மெஷின் இயக்குகிறவருக்கு உண்டான கையுறை, முகமூடி, காதடைப்பான், கழுத்தில் அடையாள அட்டை எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். மாட்டியதும் எருமை அவரைக் கண்டு மிரண்டு கயிற்றை இழுத்தது.

"அட, நாந்தான் சாமி, நாந்தான்" என்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினார். "எம்பட எருமைக்கே என்னையத் தெரியமாட்டேங்குதுங் தம்பி. இந்தக் கோலத்துல கறந்தா ஒதைக்காதுங்களா?"

"ஆடிட்டர் போறவரைக்கும் கறக்க வேண்டாங்க்கா."

ஆடிட்டர் சென்னைக்காரர். கொசு மருந்து பூசிக்கொண்டு வந்தார். கட்டுத்தரையில் எருமையின் முன்னால் நின்று தன் படிவத்தை ஒருமுறை பார்த்தார், எருமையை ஒருமுறை பார்த்தார். மேனேஜர் வேலையும் வாளியும் அந்த ஒரு பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதுதான் யூனிட்டா?"

"ஆமாங்க சார். உள்நாட்டுத் தயாரிப்பு."

"சீரியல் நம்பர்?"

காதைப் பிடித்துக் காட்டினேன். போனை நீட்டி ஸ்கேன் செய்தார். பீப் என்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் கேட்டதும் சரியான நம்பர் காட்டின முதல் கம்பெனி இதுதான் என்றார். பக்கத்தில் தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. இயக்குபவர் கையுறை போட்டிருக்கிறாரா என்று பார்த்தார், போட்டிருந்தார். சத்தம் அளவுக்குள் இருக்கிறதா என்று கேட்டபோது எருமை ஒருமுறை கத்தியது. அது ஸ்டார்ட்டிங் சவுண்ட் என்றேன், எழுதிக்கொண்டார். மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்கிற கட்டம் படிவத்தில் இல்லை.

குழுக் கூட்டத்தைத் தேநீரோடு நிறுத்திக்கொண்டதும் மிச்சமும் நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டால் மறுபடி சிவப்பாகிவிடும் என்பதால், தினமும் அரை வடையை மிச்சம் வைக்கிற பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பையர் எங்களுக்குக் கேடயம் கொடுத்தார். விழாவில் எம்.டி. பேசினார். "நம்ம கேன்டீன்ல முன்ன ஒரு பருக்கை கூட வீணாகாம இருந்துச்சுங்க. அந்த நெலமைய மாத்தி, வீணாக்கி, அப்புறம் குறைச்சு, இன்னைக்குப் பழைய நெலமைக்கே வந்திருக்கறமுங்க. இதுக்குப் பேருதானுங்க வளர்ச்சி!" சீனியம்மாள் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள். உப்பைப் போட்டது நான்தான் என்று அந்த அம்மாளிடம் அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "தெரியும் சார். உப்பு டப்பாவுல உங்க பேனா கெடந்துச்சு" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பாயசம் மட்டும் ஊற்றவில்லை.

நான் மேனேஜர் ஆகிவிட்டேன். வெள்ளகோவிலுக்குச் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. ஆனால் ஆடிட்டரின் அறிக்கையில் ஒரே ஒரு குறை இருந்தது: செரிப்பானிலிருந்து வாயு வெளியேறுகிறது, அதன் அளவு பதிவாகவில்லை, மேனேஜர் அந்தஸ்தில் உள்ள ஒருவர் நேரில் அளந்து அனுப்ப வேண்டும்.

ஆகவே இப்போது தினமும் காலையில் பாய்லர் புகைபோக்கிக்கு வாங்கின மீட்டரைப் பிடித்துக்கொண்டு எருமைக்கு அருகில் நிற்கிறேன். எந்த முனையில் பிடிப்பது என்று அறிக்கையில் இல்லை. ஒருநாள் முன்னால் நிற்கிறேன், ஒருநாள் பின்னால். முதல் நாள் வேலாத்தாள் பால் செம்போடு வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, அது ஏப்பம் உடற வரைக்கும் இப்பிடியேதான் நிப்பீங்களா?"

"அதுதானுங்க்கா இப்ப என் வேலை."

"சம்பளம் உண்டுங்களா இதுக்கு?"

"முன்னைக்கு இப்ப அதிகம்ங்க்கா."

அவர் வாளியைப் பார்த்தார். கஞ்சித்தண்ணி தளும்பத் தளும்ப இருந்தது. கன்று தாய்மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த கூடையை எடுத்து என் காலடியில் போட்டார்.

"சும்மா நிக்கற நேரத்துக்குச் சாணியாச்சும் அள்ளுங்க சாமி. காபி வெச்சுக் கொண்டாறேன்."

மீட்டரைத் தூணில் மாட்டிவிட்டு நான் குனிந்தேன்.